கரையேறிய துறைமுகம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், கடல்கொண்ட ஊர்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை எழுதும்போது, கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் ஃபலசர்னா என்றொரு பழைய துறைமுகம் கடலுக்குள் மூழ்குவதற்குப் பதிலாகக் கடலைவிட்டு மேலே எழும்பி, இன்று வறண்ட நிலமாகக் கிடக்கிறது என்று இரண்டே வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களே இம்மாதப் பகுதியை நிரப்பிவிட்டன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கே: துறைமுகம் எப்படி மேலே எழும்பும்? கடல் பின்வாங்கியதைத்தான் அப்படிச் சொல்கிறீர்களா?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

ப: கடல் பின்வாங்கியிருந்தால் அது ஓரிடத்தில் மட்டும் பின்வாங்கியிருக்க முடியாது. தீவின் மேற்கு முனையில் கடல் மட்டம் 6 மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் கிழக்கு முனையிலும் அவ்வளவு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அதே கிரீட்டின் கிழக்குப் பகுதியில், இன்றைய எலூந்தாவுக்கு அருகே, ஓலூஸ் என்னும் பழைய நகரத்தின் சுவர்கள் தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தவை என்று நான் சொல்லவில்லை. ஒரே தீவில் ஓர் ஊரின் கரை உயர்ந்தும் இன்னோர் ஊரின் கரை தாழ்ந்தும் இருப்பதால், அசைந்தது நிலம்தான் என்பதற்கு அவை சாட்சி.

ஆப்பிரிக்கக் கண்டத்தைத் தாங்கும் புவித்தட்டு, கிரீட்டுக்குத் தெற்கே, ஈஜியன் கடலைத் தாங்கும் தட்டின் அடியில் சாய்வாக நுழைந்துகொண்டிருக்கிறது. இரண்டும் உரசிச் சிக்கிக்கொள்ளும் இடத்தில் அழுத்தம் பல நூற்றாண்டுகளாகச் சேர்கிறது. ஒருநாள் அந்தப் பிடி விட்டுப்போகும்போது மேல்தட்டின் விளிம்பு எகிறுகிறது. கிரீட்டின் தென்மேற்கு மூலையில் அந்த உயர்வு ஏறத்தாழ 9 மீட்டர். அதற்கு வடக்கே உள்ள ஃபலசர்னாவில் சுமார் 6.5 மீட்டர், அதாவது இரண்டு மாடி வீட்டின் உயரம். கிழக்கே போகப்போக அது குறைந்து மறைகிறது.

இதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நீர் வற்றிய தொட்டியின் சுவரில் பழைய நீர்மட்டம் பாசிக்கோடாக நிற்பதுபோல, மேற்குக் கிரீட்டின் கடலோரப் பாறைகளில் பழைய கடல் மட்டம் ஒரே சீரான கோடாக, கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. அந்தக் கோட்டில் அலை அரித்த குடைவும், அதற்குக் கீழே, நீருக்குள் மட்டுமே வாழக்கூடிய கல்துளைக்கும் சிப்பிகள் இட்ட துளைகளும் இருக்கின்றன. அந்தச் சிப்பிகள் ஒருகாலத்தில் இருந்த நீருக்கும் இன்றைய நீருக்கும் இடையே ஒரு மனிதன் எட்டிப் பிடிக்க முடியாத உயரம்.

கே: காய்ந்த நிலத்தில் துறைமுகம் இருந்தது என்பதை முதலில் கண்டுகொண்டவர் யார்? எதை வைத்துத் தேடினார்கள்?
(ஒரு வாசகி, மயிலாடுதுறை)

ப: ஒரு சொல்லை வைத்துத் தேடினார்கள். ஸ்கைலாக்ஸ் என்பவர் பெயரில் வழங்கும், கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கடல்வழிக் கையேடு ஒன்று, கிரீட்டின் மேற்குக் கோடியில் ஃபலசர்னா என்னும் நகரையும் அங்கே ஒரு ‘மூடிய துறைமுகத்தையும்’ குறிப்பிடுகிறது. இந்த மூடிய துறைமுகம் என்பது கிரேக்கரின் கலைச்சொல். நகர மதிலின் கைகள் நீண்டு துறைமுகத்தையும் உள்ளடக்கிக்கொள்ளும். குறுகிய வாயிலைச் சங்கிலியிட்டு அடைக்கலாம். பகைவரின் கப்பல் உள்ளே வர முடியாது. ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகங்கள் இந்த வகையைச் சேர்ந்தவையே.

19ஆம் நூற்றாண்டில் பழைய நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு கிரேக்கக் கரைகளைச் சுற்றிவந்த பயணிகளுக்கு இந்தக் குறிப்பு ஒரு புதிராக இருந்தது. ஊரின் இடிபாடுகள் கண்முன்னே இருந்தன. ஆனால் கரையில் அப்படியொரு மூடிய துறைமுகத்துக்கு இடமே இல்லை. பழைய ஆசிரியர் தவறிவிட்டார் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. 1850களில் அந்தக் கரையை அளந்த பிரித்தானியக் கடற்படை அதிகாரி தாமஸ் ஸ்பிராட் அப்படிச் செய்யவில்லை. கடல் ஆழத்தை அளப்பதே அவருடைய தொழில். ஆகையால் பாறையில் உயர்ந்து நின்ற பழைய கடற்கோடு அவர் கண்ணில் பட்டது. அந்தக் கோட்டின் உயரத்துக்குக் கடலை மனத்தில் ஏற்றிப் பார்த்தபோது, கோட்டைக் குன்றின் அடியில் மதில் சூழ்ந்து கிடந்த தாழ்ந்த நிலம் நீர் நிறைந்த துறைமுகமாகிவிட்டது. பழைய நூலும் சரி, கரையும் சரி. இரண்டுக்கும் இடையில் நிலம்தான் இடம் மாறியிருந்தது. தன் முடிவுகளை அவர் 1865இல் வெளியிட்டார்.

அதன் பின்னர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் அந்த மண்ணை முறையாகத் தோண்டிப் பார்க்கவில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. வெண்கலக்கால மினோவன் நாகரிகத்தின் அரண்மனைகளின் புகழில் கிரீட்டின் பிற்காலக் கிரேக்க நகரங்கள் ஒளியிழந்து போயின என்றுதான் சொல்ல வேண்டும்.

1986இல் கிரேக்கத் தொல்லியலாளர் எல்பிதா ஹாட்சிதாகி அங்கே அகழ்வைத் தொடங்கினார்; தொடக்க ஆண்டுகளில் அமெரிக்க வரலாற்றாசிரியர் ஃபிராங்க் ஃபிராஸ்ட் உடனிருந்தார். மண்ணை அகற்ற அகற்ற, ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுள்ள துறைமுகக் குளம், அதைக் கடலோடு இணைக்கப் பாறையில் வெட்டிய கால்வாய், மூலைகளில் கோபுரங்கள், கப்பல்கள் ஒட்டி நின்ற கற்கரை, வடம் கட்டுவதற்குத் துளையிட்ட கல் ஆகியவை வெளிப்பட்டன. தெற்கே உள்ள வட்டக் கோபுரம் இன்றும் 4 மீட்டருக்கு மேல் நிற்கிறது. செதுக்கிய மணற்கற்கள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் நேர்த்தியைப் பார்ப்பவர்கள், ஏதோ ஒரு ஒதுக்குப்புற மீன்பிடி ஊரின் வேலை இது என்று எண்ண மாட்டார்கள்.

கே: இவ்வளவு பெரிய துறைமுகம் கட்டிய நகரத்துக்கு வரலாற்று நூல்களில் ஏன் இடமில்லை?
(ஒரு கல்லூரி ஆசிரியர், நாகர்கோவில்)

ப: ஃபலசர்னாவைச் சேர்ந்த எவரும் தம் ஊரின் வரலாற்றை எழுதிவைத்ததாகத் தெரியவில்லை, எழுதியிருந்தாலும் அது நம் கைக்கு வரவில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் மற்றவர்கள் தங்கள் காரியத்தைச் சொல்லிக்கொண்டு போகும்போது வாய்தவறி விழுந்ததுபோல் உதிர்ந்த வரிகள். அவற்றைப் பொறுக்கி வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

கி.மு. 333இல் மகா அலெக்சாந்தர் பாரசீக மன்னன் தாராவை இஸ்ஸஸ் போரில் வென்ற சமயத்தில், ஸ்பார்ட்டாவின் மன்னன் மூன்றாம் ஆகிஸ், அலெக்சாந்தரின் நாடான மாசிடோனியாவுக்கு எதிராகப் பாரசீகக் கடற்படைத் தலைவர்களிடம் உதவி கேட்டுக்கொண்டிருந்தான். 30 தாலந்து (அக்கால எடை அளவு) வெள்ளியும் 10 போர்க்கப்பல்களும் கிடைத்தன. அவற்றைத் தன் தம்பி ஆகெசிலாவுஸிடம் அனுப்பி, கிரீட்டுக்குச் சென்று அங்குள்ள நிலைமையைச் சீர்செய்யச் சொன்னான் என்று அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதிய அர்ரியன் சொல்கிறார். அந்த வரியில் ஃபலசர்னாவின் பெயர் இல்லை. ஆனால் வட்டக் கோபுரமும் துறைமுக மதில்களும் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தவை. ஸ்பார்ட்டாவிலிருந்து தெற்கே கித்தேரா, அந்திகித்தேரா தீவுகளைக் கடந்து வரும் கப்பலுக்குக் கிரீட்டின் மேற்குக் கரையே முதலில் எதிர்ப்படும். ஆகவே இந்தக் கோட்டைத் துறைமுகத்துக்கான செலவில் பாரசீக வெள்ளியும் கலந்திருக்கலாம் என்று அகழ்ந்தவர்கள் கருதுகிறார்கள். கவர்ச்சியான ஊகம், காலமும் இடமும் பொருந்துகின்றன, இருந்தாலும் ஊகம் என்ற சொல்லை நான் இங்கே விட்டுவிட விரும்பவில்லை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபலசர்னாவுக்கும், அதற்கு அடுத்திருந்த மலைநகரமான பொலிரேனியாவுக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதைப் பொறித்த கல்வெட்டு, டிக்டின்னா என்னும் பெண் தெய்வத்தின் கோயில் இருந்த இடத்தில் கிடைத்துள்ளது. இடையில் நின்றவர் ஸ்பார்ட்டா அரச குடும்பத்தைச் சேர்ந்த கிளியோனிமஸ். மறுபடியும் ஸ்பார்ட்டா வருவதைக் கவனிக்க வேண்டும். இரு நகரங்களுக்கும் இடையே 60 ஸ்தேடியம், அதாவது ஏறக்குறைய 11 கிலோமீட்டர், தொலைவு என்று பழைய கிரேக்கப் புவியியல் நூலாசிரியர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அவ்வளவு அருகருகே இருந்த இரண்டு நகரங்கள் கல்லில் வெட்டி ஒப்பந்தம் செய்துகொள்கின்றன என்றால், அதற்கு முன்பு அவர்கள் எப்படிப் பழகினார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கி.மு. 184இல் கிரீட்டுக்கு வந்த ரோமானியத் தூதுக்குழு, கிடோனியா நகரத்தார் ஃபலசர்னாவைவிட்டு வெளியேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிடோனியா என்பது இன்றைய ஹானியா. இதைச் சொல்பவர் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ். ஆக, அதற்குச் சற்று முன்னர் ஃபலசர்னா தன் சுதந்திரத்தை இழந்து இன்னொரு நகரத்தின் பிடியில் இருந்திருக்கிறது. மீண்டும் 13 ஆண்டுகள் கழித்து, கி.மு. 171இல், ரோமுக்கு எதிராக மாசிடோனிய மன்னன் பெர்சியஸ் திரட்டிய படையில் 3,000 கிரீட் வீரர்கள் இருந்தனர். அவர்களுடைய தலைவர் இருவரில் ஒருவர் ஃபலசர்னாவைச் சேர்ந்த சூசுஸ் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி குறிக்கிறார். அந்த நகரத்து மனிதர்களில் வரலாற்று நூலில் பெயரோடு நடமாடுபவர் அநேகமாக இவர் ஒருவர்தான். அவரும் கூலிப்படைத் தலைவராக, வேற்று நாட்டில்.

இவற்றோடு நகரத்தின் சொந்தக் குரல் என்று சொல்லத்தக்கவை அதன் நாணயங்கள். ஒரு புறம் ஒரு பெண்ணின் தலை; மறுபுறம் திரிசூலம், அதன் முனைகளுக்கிடையே ஊர்ப்பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். கடலை நம்பி வாழ்ந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது இவ்வளவுதான்.

கே: அப்படியானால் அந்த ஊரை அழித்தது நிலநடுக்கம்தானே? இணையத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.
(ஒரு வாசகர், திருச்சி, இதே கேள்வியை வேறு நால்வரும் கேட்டுள்ளனர்)

ப: இந்தக் கேள்விக்காகத்தான் மற்றக் கேள்விகளையும் எடுத்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். துறைமுகம் தரையான நாளும் ஊர் இறந்த நாளும் ஒன்றே என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இரண்டுக்கும் இடையே 400 ஆண்டுகளுக்கும் மேல் இடைவெளி இருக்கிறது.

நிலம் எழுந்தது கி.பி. 365இல். அகழ்வில் கிடைத்த பானை ஓடுகளோ கி.மு. 1ஆம் நூற்றாண்டின் முற்பாதியோடு நின்றுவிடுகின்றன. அந்தக் காலத்தில்தான் ரோமானியத் தளபதி குவின்டஸ் மெத்தெல்லஸ், கி.மு. 69 முதல் 67 வரை நடத்திய போரில் கிரீட் முழுவதையும் கைப்பற்றி, ‘கிரெட்டிகஸ்’ (கிரீட்டை வென்றவன்) என்ற பட்டத்தையும் பெற்றான். துறைமுகத்தின் கால்வாயில் பெரிய பெரிய செதுக்குக் கற்கள் வாயை அடைத்தாற்போலக் கிடந்ததை அகழ்ந்தவர்கள் கண்டார்கள். இனி ஒருபோதும் கப்பல் நுழையக் கூடாது என்று ரோமானியர் வேண்டுமென்றே போட்டவை அவை என்பது ஹாட்சிதாகியின் முடிவு. மெத்தெல்லஸின் போரைப் பற்றிப் பேசும் பழைய நூல்களில் ஃபலசர்னா முற்றுகை என்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் பானை ஓடுகள் நிற்கும் காலமும் கற்கள் கிடக்கும் விதமும் ஒரே திசையைக் காட்டுவதால், நானும் அந்த முடிவை ஏற்கிறேன்.

வாயில் அடைபட்ட துறைமுகம் என்ன ஆகும் என்பது நீரோட்டம் அறிந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே வந்த மணலும் சேறும் வெளியே போக வழியின்றிப் படியும். ஆக, நில எழுச்சி ஃபலசர்னாவுக்கு வந்தபோது அங்கே அழிப்பதற்கு ஊர் என்று ஒன்று இல்லை; தூர்ந்துகொண்டிருந்த ஒரு குட்டைதான் இருந்தது. நிலநடுக்கம் செய்தது வேறொரு காரியம்: அங்கே துறைமுகம் இருந்ததற்கான அடையாளத்தை அது அழித்தது. ரோமானியர் ஊரை முடித்தார்கள். நிலம் அதன் தடயத்தை மறைத்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் பிளினி கிரீட்டின் புகழ்பெற்ற நகரங்களைப் பட்டியலிடும்போது ஃபலசர்னாவை முதலிலேயே வைக்கிறார். அடுத்த நூற்றாண்டில் தாலமியும் அதைக் குறிக்கிறார். இதை வைத்து ஊர் அப்போதும் செழித்திருந்தது என்று வாதிடுவோர் உண்டு. மேற்கிலிருந்து எண்ணத் தொடங்கினால் முதலில் வருவது அந்த இடம்தான் என்பதையும், பழைய ஏடுகளைப் பார்த்து எழுதுகிறவர் ஊர் இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு எழுதுவதில்லை என்பதையும் நினைவில் வைத்தால் போதும்.

கே: கி.பி. 365 என்று துல்லியமாகச் சொல்வது எப்படி?
(ஒரு மாணவி, பாளையங்கோட்டை)

ப: ஆண்டு மட்டுமல்ல, நாளும் தெரியும்: ஜூலை 21. அம்மியானஸ் மார்செலினஸ் என்னும் ரோமானிய வரலாற்றாசிரியர், விடிந்து சிறிது நேரத்தில் நிலம் அதிர்ந்ததையும், கடல் பின்வாங்கித் தரை தெரிந்ததையும், வறண்ட கடற்படுகையில் மக்கள் இறங்கி மீனைக் கையால் பொறுக்கியதையும், பின்னர் நீர் மலைபோல் திரும்பி வந்ததையும் விவரித்திருக்கிறார். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கப்பல்கள் வீட்டுக் கூரைகளின்மேல் தூக்கி வைக்கப்பட்டன. கிரேக்கத்தின் மொதோனே அருகே கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே வீசப்பட்ட ஒரு கப்பல் இற்றுப்போய்க் கிடந்ததைத் தாமே பார்த்ததாகச் சொல்கிறார். மேற்குக் கிரீட்டிலிருந்து அலெக்சாந்திரியா சுமார் 750 கிலோமீட்டர். அங்கே அந்த நாளை ‘நிலநடுக்கத்தின் பிறந்தநாள்’ என்று பெயரிட்டு ஆண்டுதோறும் விளக்கேற்றி நினைவுகூர்ந்தார்கள் என்று ஸோஸோமன் என்பவரின் திருச்சபை வரலாறு சொல்கிறது.

அம்மியானஸ் கிரீட்டின் கரை உயர்ந்ததைச் சொல்லவில்லை. அதைச் சொல்வது பாறைதான். பழைய கடற்கோட்டில் ஒட்டியிருக்கும் பவளங்களும் குழாய்ப்புழு போன்ற சிறு நத்தைகளும் நிலம் எழுந்த அன்றே செத்தவை. கரிமக் காலக்கணிப்பில் அவற்றின் காலம் கி.பி. 4ஆம் நூற்றாண்டை ஒட்டி விழுகிறது. ஃபலசர்னாவுக்கு அருகே உள்ள கிசாமோஸ் நகரில், இடிந்த வீடுகளுக்கடியில் நசுங்கிய எலும்புக்கூடுகளும் அதே நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த நாணயங்களும் கிடைத்துள்ளன. 2008இல் வெளியான ஓர் ஆய்வு இவற்றையெல்லாம் சேர்த்து, 8க்கும் மிகுந்த அளவுள்ள ஒரே பெரிய நிலநடுக்கம் என்று கணக்கிட்டது. அண்மையில் வேறு சில புவியியலாளர்கள், ஒரே எகிறலில் 9 மீட்டர் என்பது மிகை, சில நூற்றாண்டுகளுக்குள் அடுத்தடுத்து வந்த பல நிலநடுக்கங்கள் சேர்ந்தே அவ்வளவு உயர்த்தியிருக்க வேண்டும் என்கிறார்கள். விவாதம் முடியவில்லை. ஜூலை 21 அன்று பேரலை வந்தது என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை.

கே: ஃபலசர்னா கடற்கொள்ளையர் ஊர் என்று படித்தேன். உண்மையா?
(ஒரு வாசகர், சேலம்)

ப: கொள்ளையடிக்கப்பட்டவர்களைக் கேட்டால் ஆம். அக்காலக் கிரீட்டில் வணிகன், கூலிப்படை வீரன், கடற்கொள்ளையன் ஆகிய மூன்று தொழில்களுக்கும் நடுவே உயரமான சுவர் இருந்ததில்லை. கிரீட்டின் வில்லாளிகளை எல்லா மன்னர்களும் கூலிக்கு அமர்த்தினார்கள்; வேலையில்லாத ஆண்டுகளில் அதே ஆட்கள் கடலில் என்ன செய்தார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை, கேட்டவர்கள் ரோடிஸ் தீவு வணிகர்களும் பின்னர் ரோமும்தான். வடக்கே அந்திகித்தேரா தீவில் இருந்த கோட்டை ஊர், கப்பல் வழிமறிப்போரின் கூடாரமாக இருந்திருக்கிறது. அங்கே ஃபலசர்னாவின் நாணயங்கள் கிடைத்துள்ளன. ஏறக்குறைய ஒரு குளத்தின் அளவே உள்ள துறைமுகம், குறுகிய வாயில், சுற்றிலும் கோபுரம் என்ற அமைப்பும் பெரிய சரக்குக் கப்பல்களைவிட விரைந்து ஓடும் சிறு போர்ப்படகுகளுக்கே ஏற்றது.

ஆனால் இவர்களைக் கொள்ளையர் என்று எழுதிவைத்தவர்கள் இவர்களை அடக்க வந்த ரோமானியர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மெத்தெல்லஸுக்கு முன்பு மார்க்கஸ் அந்தோனியஸ் என்பவர், பிற்காலத்தில் கிளியோபாத்ராவோடு பேசப்படும் அந்தோனியின் தந்தை, கிரீட்டின்மீது படையெடுத்தார். வெற்றி உறுதி என்ற செருக்கில் கப்பல்களில் ஆயுதங்களைவிடக் கைதிகளைப் பூட்டும் விலங்குகளையே அதிகம் ஏற்றிச் சென்றாராம். கடற்போரில் வென்ற கிரீட் வீரர்கள் அதே விலங்குகளால் ரோமானியக் கைதிகளைப் பிணைத்துக் கப்பலில் தொங்கவிட்டார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் புளோரஸ் எழுதுகிறார். அடுத்து வந்த மெத்தெல்லஸ் அவ்வளவு கடுமையாக நடந்துகொண்டதற்கு இந்த அவமானமும் ஒரு காரணம். கால்வாயில் கிடக்கும் கற்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த விலங்குகள் நினைவுக்கு வருகின்றன.

கே: கிரேக்கக் கரையில் வேறு துறைமுகங்களும் இப்படி எழுந்தனவா, மூழ்கினவா?
(ஒரு வாசகி, புதுச்சேரி)

ப: மூழ்கியவையே அதிகம். ஃபலசர்னாவிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் வடக்கே, கிரேக்கத்தின் தெற்குத் தீபகற்பமான பெலொப்பொனீசின் தென்முனையில், பவ்லோபெட்ரி என்னும் வெண்கலக்கால ஊர் 3 முதல் 4 மீட்டர் ஆழத்தில் தெருவும் வீடும் கல்லறையுமாகக் கிடக்கிறது. 1967இல் நிக்கலஸ் ஃபிளெமிங் அதைக் கண்டறிந்து சொன்ன பிறகே உலகம் அறிந்தது. கொரிந்து நகரத்தின் கிழக்குத் துறைமுகமான கெங்க்ரேயாயும் பெரும்பகுதி நீருக்குள் போய்விட்டது.

ஃபலசர்னா இருக்கும் கரையே எழுவதற்கு முன்பு பலமுறை தாழ்ந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பெரிய கோட்டுக்கு அருகே படிக்கட்டுகள்போலத் தெரியும் சிறு கோடுகளை ஆராய்ந்த புவியியலாளர் பவ்லோ பிராத்சோலியும் அவர் குழுவினரும், கி.பி. 365க்கு முந்தைய 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், நிலம் ஒவ்வொரு முறையும் ஒரு சாணளவு என்று பத்துத் தடவை இறங்கியதாகக் கணக்கிட்டார்கள். சிறிது சிறிதாக இறங்கிய நிலம் ஒரேயடியாக ஏறிக்கொண்டது.

கே: இது மீண்டும் நிகழுமா?
(ஒரு வாசகர், ஈரோடு)

ப: கிரீட்டுக்கு அடியில் உள்ள அதே பிளவில் அத்தகைய நிலநடுக்கம் வர ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் ஆகும் என்று 2008ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. ஆனால் அந்தத் தட்டு விளிம்பு முழுவதையும் எடுத்துக்கொண்டால் எங்கேனும் ஓரிடத்தில் சுமார் 800 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழலாம் என்பதும் அதே ஆய்வின் கணக்கு.

கே: அங்கே ஒரு கல் சிம்மாசனம் இருப்பதாகப் படத்தில் பார்த்தேன். யாருடையது?
(ஒரு வாசகர், காரைக்குடி)

ப: ஊருக்குப் போகும் வழியில், ஒரே பாறையில் செதுக்கிய பெரிய இருக்கை அது. பொசைடனின் சிம்மாசனம் என்று சுற்றுலாக்காரர்கள் சொல்கிறார்கள். திரிசூல நாணயம் உள்ள ஊருக்குக் கடல் தெய்வத்தின் பெயர் பொருத்தமாக இருப்பதால் அது ஒட்டிக்கொண்டது. கல்லறைகளுக்கு நடுவே இருப்பதால் இறந்தோர்க்குரியது என்பாரும், வெற்றிருக்கையை வழிபடும் பினீசிய வழக்கத்தின் சாயல் என்பாரும் உண்டு. அதில் எழுத்து ஒன்றும் இல்லை.

கே: மகன் ஏதென்ஸில் பணிபுரிகிறான், வரும் கோடையில் நாங்கள் போகிறோம். அந்த இடத்தைப் பார்க்க முடியுமா?
(ஒரு தம்பதியர், கோயம்புத்தூர்)

ப: முடியும். ஏதென்ஸிலிருந்து விமானத்திலோ, பிரேயஸிலிருந்து இரவுக் கப்பலிலோ ஹானியா சென்று, அங்கிருந்து கிசாமோஸ் வழியாகச் சாலையில் மேற்கே போக வேண்டும். ஃபலசர்னா என்ற பெயர் இன்று அங்குள்ள நீண்ட மணற்கடற்கரைக்கே புகழ் தேடித் தருகிறது. ஊர்திகளில் வருவோரில் பெரும்பாலோர் கடலில் குளித்து, சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கடற்கரையில் நிற்காமல், ஒலிவத் தோப்புகளைத் தாண்டி வடக்கே செல்லும் மண்பாதையில் போங்கள். முதலில் சிம்மாசனமும் கல்லறைகளும், பிறகு வட்டக் கோபுரமும் வரும். கோபுரத்தின் அருகே நின்று கடலைத் தேடாமல் கீழே இருக்கும் புல்தரையைப் பாருங்கள், அதுதான் துறைமுகம். பக்கத்துப் பாறை முகத்தில் உங்கள் தலைக்கு மேலே ஓடும் அரிப்புக்கோட்டைக் கண்டுகொண்டால், நீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது விளங்கும். காலையிலேயே போய்விடுவது நல்லது; அங்கே நிழல் கிடையாது, குடிநீரையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.